துப்பாக்கி தானாகப் பிறப்பதில்லை

பள்ளிக் கட்டுரை ஏடுகளிலும் பட்டிமன்ற மேடைகளிலும் நெடுங்காலமாக உலவி வரும் வாக்கியம் ஒன்று உண்டு. 'கத்தி காய் நறுக்கவும் உதவும்; கழுத்தை அறுக்கவும் உதவும். குற்றம் கத்தியினுடையது அன்று. அதைப் பிடித்த கையினுடையது' என்பதே அது. 'அறிவியல் ஆக்கத்திற்கா, அழிவிற்கா?' என்னும் தலைப்பு கரும்பலகையில் எழுதப்பட்ட மறுகணமே மாணவனின் எழுதுகோல் இவ்வாக்கியத்தை நோக்கி ஓடுகிறது. ஆசிரியரும் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு குறியிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். கேட்பதற்கு இனிய வாக்கியம். நினைவில் நிற்கும் வாக்கியம். ஆனால், போர்க்கருவிகளைப் பொறுத்த வரையில் உண்மைக்குப் புறம்பான வாக்கியம்.

சமையற்கட்டுக் கத்திக்குப் பல வேலைகள் உண்டு. காய் நறுக்குவதும் மீன் அரிவதும் அதன் பிறவிப் பணிகள். கொலை அதன்மேல் வந்து ஏறிய பழி. போர்க்களத் துப்பாக்கிக்கோ அப்படி இரண்டு தொழில்கள் இல்லை. எதிரே நிற்கும் மனிதனை வீழ்த்த வேண்டும் என்னும் ஒரே நோக்கத்திற்காக அது வரையப்படுகிறது, கடையப்படுகிறது, சோதிக்கப்படுகிறது, பொதுமக்களின் வரிப்பணத்தால் வாங்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பவர் எடைக்கல்லை மாற்றி வைத்து நிறுக்கிறார்.

இந்த வாக்கியத்திற்குத் துணையாக வேறு இரண்டு வாக்கியங்களும் உண்டு. 'தேவையே கண்டுபிடிப்பின் தாய்' என்பது ஒன்று. 'ஏழை வீட்டுப் பிள்ளை தன் மேதைமையால் உலகை மாற்றினான்' என்பது மற்றொன்று. மூன்றும் சேர்ந்து மாணவர் உள்ளத்தில் ஒரு படத்தைத் தீட்டிவிடுகின்றன. காலம் கனிந்தது, தேவை எழுந்தது, மேதை பிறந்தான், கருவி வந்தது. காட்டில் மரம் வளர்வது போல ஆயுதமும் வளர்கிறது. அதை நட்டவரும் இல்லை, நீர் ஊற்றியவரும் இல்லை. இந்தப் படம் எவ்வளவு பொய்யானது என்பதை உணர ஒரே ஒரு துப்பாக்கியின் வரலாறு போதும். அது அமெரிக்கக் காலாட்படையின் எம்-1 காரண்ட் என்னும் அரைத் தன்னியக்கத் துப்பாக்கி.

ஒரு கருவியும் அதன் கதையும்

முதல் உலகப் போரில் போரிட்ட காலாட்படை வீரர்களுள் பெரும்பாலோர் ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் துப்பாக்கியின் தாழைக் கையால் திருப்பிப் பின்னுக்கு இழுத்து, வெற்றுக் கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை முன்தள்ளிப் பூட்ட வேண்டியிருந்தது. அரைத் தன்னியக்கத் துப்பாக்கியில் அந்த வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்கிறது. வெடிமருந்து எரிவதால் எழும் வாயுவில் ஒரு பகுதி ஒரு நீண்ட தண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தாழ் திறக்கிறது, வெற்றுக்கூடு தெறித்து விழுகிறது, சுருள்வில் தாழை மீண்டும் முன்தள்ளும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. வீரன் விசையை இழுக்க வேண்டியதுதான்; ஓர் இழுப்புக்கு ஒரு வேட்டு.

இந்தக் கருத்து அமெரிக்காவில் பிறந்ததும் அன்று. ஒரு மேதையின் மூளையில் உதித்ததும் அன்று. மெக்சிக்கோவின் தளபதி மொன்றகோன் வடிவமைத்த துப்பாக்கியை அந்நாட்டுப் படை 1908-இலேயே ஏற்றது. பிரான்சு முதல் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் தன் வீரர் பலருக்கு இவ்வகைத் துப்பாக்கியை வழங்கியது. கருத்து ஊரறிந்த கருத்து. ஒரு பெரிய நாடு தன் காலாட்படை முழுவதற்குமே இதைப் பொதுக்கருவியாக்க முடிவு செய்ததுதான் புதுமை. ஆகவே இவ்வரலாற்றில் ஆராய வேண்டியது 'யார் கண்டுபிடித்தார்?' என்பதைவிட 'யார் முடிவு செய்தார்?' என்பதே.

ஜான் காரண்டின் வாழ்க்கையைப் பாடநூல் பாணியில் சொல்வது எளிது. 1888-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிறந்தார். குடும்பம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திற்குப் பெயர்ந்தது. சிறுவயதிலேயே துணி ஆலையில் தரை கூட்டும் வேலைக்குப் போனார். ஆலைப் பொறிகளைப் பார்த்துப் பார்த்துக் கடைசல் தொழிலைக் கற்றார். பின்னர் உலகப் புகழ்பெற்ற துப்பாக்கியைப் படைத்தார். 'உழைப்பே உயர்வு தரும்' என்று முடித்துவிட்டால் பாடம் நிறைவுறும்.

ஆனால், இந்தப் பாடம் விட்டுவிடுவது எதை? 1919-ஆம் ஆண்டு முதல் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த அரசுப் படைக்கலத் தொழிற்சாலையின் ஊழியர். கடைசல் பொறி அரசினுடையது, எஃகு அரசினுடையது, சம்பளம் அரசினுடையது, 'இன்ன எடைக்கு மேல் போகக் கூடாது, இன்ன தோட்டாவைச் சுட வேண்டும்' என்னும் கட்டளையும் அரசினுடையது. அவர் பணியில் சேர்ந்ததற்கும் அத்துப்பாக்கி 1936 ஜனவரியில் படையின் முறையான கருவியாக ஏற்கப்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ 16 ஆண்டுகள். பொருளாதார மந்தத்தில் இலட்சக்கணக்கானோர் வேலையின்றித் தவித்த ஆண்டுகளும் அவற்றுள் அடங்கும். அத்தனை காலமும் அந்தப் பட்டறையின் விளக்கு அணையவில்லை. அணைக்கக் கூடாது என்று யாரோ ஒவ்வோர் ஆண்டும் கையெழுத்திட்டார்கள்.

பன்றிகள் சொன்ன சாட்சி

அந்தப் 16 ஆண்டுகளில் துப்பாக்கி மரம்போல் வளரவில்லை. கோப்புகளின் வழியே நகர்ந்தது. காரண்டின் முதல் வடிவங்கள் தோட்டாவின் அடியிலுள்ள எரியூட்டி பின்னோக்கித் தள்ளும் விசையால் இயங்கின. 1925-இல் படைத்துறை தன் தோட்டாவையும் வெடிமருந்தையும் மாற்றியது. அந்த ஒரு மாற்றத்தால் பல ஆண்டு உழைப்பு பயனற்றதாயிற்று. காரண்ட் வாயு விசை முறைக்கு மாறி மீண்டும் தொடங்கினார்.

அடுத்துக் குண்டின் விட்டம் பற்றிய கேள்வி எழுந்தது. படையிடம் முன்பே இருந்தது 0.30 அங்குலத் தோட்டா. ஜான் பெடர்சன் என்னும் வடிவமைப்பாளர் 0.276 அங்குலம், அதாவது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர், கொண்ட சிறிய தோட்டாவையும் அதற்கேற்ற துப்பாக்கியையும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கிவந்தார். சிறிய தோட்டா மனிதனைக் கொல்லப் போதுமா? இந்த ஐயத்தைத் தீர்க்க 1928-இல் மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் சோதனைக் களத்தில் மயக்க மருந்து கொடுத்த பன்றிகளை நிறுத்திச் சுட்டார்கள். வெவ்வேறு தொலைவுகளிலிருந்து வெவ்வேறு குண்டுகள் பாய்ந்தன. சதை எவ்வளவு கிழிகிறது, எலும்பு எப்படி நொறுங்குகிறது என்று அளந்து பதிவு செய்தார்கள். குறைந்த தொலைவிலும் நடுத்தரத் தொலைவிலும் சிறிய குண்டுகளே கொடிய காயம் விளைவித்தன என்று தெரிந்தது. அது போதாதென்று 1930-இல் ஆடுகளை வைத்தும் சோதித்தார்கள்.

'கருவி குற்றமற்றது' என்று எழுதும் கை இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். எந்தக் கொல்லனாவது சமையற்கட்டுக் கத்தியை விற்கும் முன் அது உடலை எவ்வளவு சிதைக்கும் என்று பன்றியின் மேல் சோதித்ததுண்டா? துப்பாக்கியின் 'தீய பயன்பாடு' என்று மாணவன் எழுதுவது எதுவோ, அதுவே அதன் வடிவமைப்பின் அளவுகோல். கெட்ட கைகளில் சிக்கியதால் நேர்ந்த விபத்து அன்று அது. நல்ல சம்பளம் வாங்கிய நேர்மையான அதிகாரிகள் மேசை போட்டு உட்கார்ந்து அளந்த பயன்.

கையெழுத்தின் வலிமை

1932 ஜனவரியில் ஆய்வுக்குழு காரண்டின் 0.276 அங்குலத் துப்பாக்கியையே பரிந்துரைத்தது. அறிவியல் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது என்று கொள்ளலாம். மறு மாதமே படைத்தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தர் அதை மறுத்துவிட்டார். முதல் உலகப் போரின் மிச்சமாகக் கிடங்குகளில் 0.30 அங்குலத் தோட்டாக்கள் மலைபோல் குவிந்திருந்தன. பொறித்துப்பாக்கிகளும் அதே தோட்டாவைத் தின்றன. களத்தில் இரண்டு வகைத் தோட்டாக்களை அனுப்புவது குழப்பம். மந்தக் காலத்தில் அதற்குப் பணமும் இல்லை. ஆகவே பழைய தோட்டாவுக்கே புதிய துப்பாக்கி அமைய வேண்டும் என்று உத்தரவாயிற்று. பத்துத் தோட்டாக்கள் ஏற்றிய வடிவம் எட்டாகக் குறைந்தது.

மெக்ஆர்தரின் முடிவு சரியா, தவறா என்று படை வரலாற்றறிஞர்கள் இன்றும் வாதாடலாம். இங்கே கருத வேண்டியது வேறு. பன்றிகளின் உடலில் எழுதப்பட்ட அறிவியல் தீர்ப்பைக் கிடங்குக் கணக்கேடு திருத்தி எழுதியது. அந்த ஒரு கையெழுத்து வேறு திசையில் சென்றிருந்தால், உலகின் பல படைகளின் தோட்டாக்கள் வேறு அளவில் இருந்திருக்கக் கூடும். 1951-இல் பிரிட்டன் 7 மில்லிமீட்டர் அளவிலான தோட்டாவையும் அதற்கான புதிய துப்பாக்கியையும் ஏற்கத் துணிந்தது. அமெரிக்கா தன் பழைய விட்டத்தை விட்டுக்கொடுக்க மறுத்ததால் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் 1960-களில் அதே அமெரிக்கப் படை எம்-16 துப்பாக்கியோடு 5.56 மில்லிமீட்டர் என்னும் இன்னும் சிறிய விட்டத்திற்குத் தானே இறங்கி வந்தது. இதில் 'தேவை' எங்கே தாயாக இருந்தது? தேவை ஒன்றே, பிள்ளைகள் பல. எந்தப் பிள்ளை வாழ வேண்டும் என்று முடிவு செய்தவர் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

இன்னொரு சான்றும் உண்டு. வாயுவைப் பெறக் குழலில் சிறு துளை இடுவதே நேரான வழி. குழலைத் துளைத்தால் அது கெடும் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். அதனால் காரண்ட் குழலின் வாய்க்கு வெளியே வாயுவைப் பிடிக்கும் ஓர் அமைப்பைச் செய்தார். அவ்வமைப்போடு ஏறத்தாழ 50,000 துப்பாக்கிகள் செய்யப்பட்ட பிறகு, 1940-இல் துளையிடும் முறைக்கே திரும்பினார்கள். தொழிற்சாலையில் வெட்டுக்கருவி ஒன்றை மாற்றியதால், தோட்டாவை நேராக வழிகாட்ட வேண்டிய சிறு விளிம்பு சீவப்பட்டுவிட்டது. அதனால் எட்டுத் தோட்டாக்களில் ஏழாவது சிக்கிக்கொண்டது. தவறு எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். ஒரு நாளைக்குப் பத்து என்று 1937-இல் தொடங்கிய உற்பத்தி 1941 ஜனவரியில் நாளொன்றுக்கு 600 ஆக உயர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும்போது 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட காரண்டுகள் செய்யப்பட்டிருந்தன.

கேட்கப்பட்ட கேள்வியும் கேட்கப்படாத கேள்வியும்

1940-இல் இத்துப்பாக்கியைப் பற்றி அமெரிக்காவில் வெளிப்படையான பூசல் மூண்டது. இதழ்கள் குறை எழுதின. பாஸ்டன் நகர வழக்குரைஞரும் கடற்படைக் காலாட்பிரிவின் சேமப்படை அதிகாரியுமான மெல்வின் ஜான்சன் தம் துப்பாக்கியே மேலானது என்று வாதாடினார். வழக்கு நாடாளுமன்றம் வரை போயிற்று. அவ்வாண்டின் இறுதியில் சான் டியாகோவில் நான்கு துப்பாக்கிகளைச் சேற்றிலும் உப்புநீரிலும் தோய்த்துச் சோதித்தார்கள். கையால் தாழ் திருப்பும் பழைய 1903-ஆம் ஆண்டுத் துப்பாக்கி முதலிடம் பெற்றது. காரண்ட் இரண்டாமிடமே பெற்றது.

ஒரு குடியாட்சி நாட்டில் ஆயுதத்தின் குறைகளை மன்றத்தில் வைத்து வாதாடியது போற்றத்தக்கதே. எனினும், அவ்வாதங்களின் நடுவே நின்ற கேள்வி எது? 'எது சிக்காமல் சுடும்? எது விரைவாகச் சுடும்? எது மலிவாக முடியும்?' என்பதுதான். ஒரு கருவியை 16 ஆண்டு வளர்க்கும் பொறுமையும் பணமும் ஒரு நாட்டிடம் இருக்குமானால், அந்தப் பொறுமை வேறு எதற்கெல்லாம் கிடைக்கவில்லை என்னும் கேள்வி அந்த மேசைக்கு வரவில்லை. மேதை, தேவை, குற்றமற்ற கருவி என்னும் மூன்று வாக்கியங்களும் செய்யும் வேலை இதுவே. கேட்க வேண்டிய கேள்வியை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

அந்த மேதையின் நிலையும் சிந்திக்கத்தக்கது. காரண்ட் தம் கண்டுபிடிப்பின் உரிமைகளை 1936-இல் அரசுக்கே எழுதிக் கொடுத்தார். உரிமைத்தொகை என்று ஒரு காசும் அவருக்கு வரவில்லை. பதக்கங்கள் வந்தன. அவருக்கு ஒரு இலட்சம் டாலர் வழங்கக் கொண்டுவந்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. 1953-இல் ஓய்வு பெற்று 1974-இல் மறைந்தார். துப்பாக்கி அவர் பெயரைத் தாங்கியதே தவிர, அவருக்குச் சொந்தமாகவில்லை. சொந்தம் அரசினுடையது, அரசு மக்களுடையது. பயனுக்கும் பழிக்கும் உரிய இடம் எது என்பதை அந்த உரிமைப் பத்திரமே சொல்லிவிடுகிறது.

எழக்கூடிய மறுப்பு

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். 'ஹிட்லரின் படைகளையும் ஜப்பானியப் பேரரசின் படைகளையும் எதிர்த்து நின்ற துப்பாக்கி அல்லவா இது? சயாம் மரண ரயில் பாதையில் தந்தையரையும் பாட்டனாரையும் பறிகொடுத்த குடும்பங்கள் இந்த மண்ணில் இருக்கும்போது, அந்தக் கொடுமையை முடித்த ஆயுதத்தைப் பழிக்கலாமா?' என்று கேட்பர். நியாயமான கேள்வி. 1942-இல் பிலிப்பைன்சின் பத்தான் தீபகற்பத்தில் ஜப்பானியரை எதிர்த்தவர்களின் கைகளில் காரண்ட் இருந்தது; முன்பு அதன் விட்டத்தை மாற்றிய அதே மெக்ஆர்தர் அது நன்கு இயங்கியது என்று செய்தி அனுப்பினார். போர்க்கருவிகளுள் இதுவே தலைசிறந்தது என்று 1945-இல் தளபதி பேட்டன் எழுதினார்.

ஆயினும், மறுப்பாளர் இரண்டை மறக்கலாகாது. பிரிட்டனின் வீரரும் சோவியத் ஒன்றியத்தின் வீரரும் பெரும்பாலும் பழைய தாழ்த் துப்பாக்கிகளோடுதான் அப்போரை நடத்தி வென்றார்கள். ஒரு கருவி போரை வென்றது என்பது கதை. இரண்டாவது, இதைவிட முக்கியமானது. கருவி குற்றமற்றது என்றால் அது புகழற்றதும்கூட. கொடுங்கோலரை எதிர்த்ததற்காக அதைப் பாராட்ட விரும்புபவர் அக்கருவியை அல்ல, அதை அக்காரியத்திற்கென்று முடிவு செய்தவர்களையே பாராட்டுகிறார். பாராட்டும்போது முடிவு செய்தவரைக் காட்டிவிட்டு, பழி வரும்போது மட்டும் கருவிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எந்த அறத்தில் சேரும்?

பழி வரும் இடங்களும் உண்டு. உலகப் போர் முடிந்த பின்னும் காரண்ட் முடியவில்லை. கொரியப் போரில் மீண்டும் களம் கண்டது. அதற்காக உற்பத்தி மறுபடி தொடங்கி, மொத்தம் 50 இலட்சத்தைத் தாண்டியது. 1957-இல் எம்-14 அதன் இடத்தைப் பிடிக்க முடிவானதும், பழைய துப்பாக்கிகள் நட்பு நாடுகளுக்கு உதவியாகப் போயின. தென் வியட்நாம் வீரர் உருவத்தில் சிறியவர். நான்கு கிலோவுக்கு மேல் எடையும் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட அந்தத் துப்பாக்கி அவர் தோளில் சுமையாயிற்று. ஹிட்லரை எதிர்க்கச் செய்தது என்று புகழப்பட்ட கருவி, ஹிட்லர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஆசிய நெல்வயல்களில் சுட்டுக்கொண்டிருந்தது. அதை அங்கே அனுப்பியது கருவியின் விதியும் அன்று. காலத்தின் போக்கும் அன்று. அதுவும் ஒரு கையெழுத்து.

இரண்டு கொட்டில்கள்

ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலை 1968-இல் மூடப்பட்டது; இன்று அது காட்சியகம். காரண்ட் அங்கே வருவதற்கு நெடுநாள் முன்னர், 1843-இல், கவிஞர் லாங்ஃபெலோ அந்தப் படைக்கலச் சாலையைப் பார்க்கச் சென்றார். வரிசை வரிசையாக நிறுத்தி வைத்த துப்பாக்கிகள் அவர் கண்ணுக்குத் தேவாலய இசைக்கருவியின் குழல்களாகத் தோன்றின. அக்குழல்களிலிருந்து எழப்போகும் இசை எது என்று எண்ணியதே போரை வெறுக்கும் ஒரு கவிதையாயிற்று. தமிழாசிரியர் எவருக்கும் இங்கே தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்ற ஔவை நினைவுக்கு வராமல் போகார். நெய் பூசி, மாலை சூட்டி, பளபளக்க வைத்த வேல்களைக் கண்டபோது ஔவை வேலை மட்டும் பார்க்கவில்லை. இந்த வேல் யாருடையது, அது என்ன செய்தது, ஏன் இங்கே நிற்கிறது என்று பார்த்தார். அதியமானின் நுனி முறிந்த வேல்களை அருகே வைத்துப் பேசினார். ஆயுதத்தின் முன் நின்ற இரு புலவருள் எவரும் 'கருவி குற்றமற்றது' என்று சொல்லித் திரும்பிவிடவில்லை.

அந்தப் பார்வையே வகுப்பறைக்கு வர வேண்டும். 'அறிவியல் ஆக்கத்திற்கா, அழிவிற்கா?' என்னும் தலைப்பு இனியும் தரப்படும், தரப்படட்டும். ஆனால், கத்தியும் காயும் வரும் அந்த வாக்கியத்தின் ஓரத்தில் ஆசிரியரின் சிவப்பு மை சரி என்று குறியிடாமல் நான்கு கேள்விகளை எழுதட்டும். இக்கருவியைக் கேட்டவர் யார்? பணம் கொடுத்தவர் யார்? எதைக் கொண்டு சோதித்தார்கள்? யாருக்கு எதிராக யாரிடம் கொடுத்தார்கள்? இந்நான்கிற்கும் விடை தேடும் மாணவன் துப்பாக்கியைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள மாட்டான். நாளை அவனே அதிகாரியாகவோ, பொறியாளனாகவோ, வாக்களிக்கும் குடிமகனாகவோ ஒரு கோப்பின் முன் அமரும்போது, தன் கையெழுத்துக்கும் ஒரு குண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அளக்கத் தெரிந்தவனாக இருப்பான்.